நோட்ஸில் இல்லாதவள்

சாந்தாமணி டீச்சர் நோட்ஸ் என்றால் கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் ஒரு காலத்தில் தனி மவுசு. பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பதினொரு வருடம் வரலாறு எடுத்தவள். எந்தப் போரானாலும் ஐந்து காரணம், ஆறு விளைவு. எந்த மன்னனானாலும் நாலு சிறப்பு, இரண்டு குறை. அதற்கு மேல் ஒரு மன்னனுக்கு அவள் வகுப்பில் இடம் கிடையாது. சொல்லச் சொல்ல எழுதி, எழுதியதை மனப்பாடம் பண்ணி, பரீட்சையில் அப்படியே கொட்டிவிட்டு வந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு நிச்சயம். பக்கத்து ஊர்ப் பிள்ளைகள்கூட அந்த நோட்டை இரவல் வாங்கி ஜெராக்ஸ் எடுத்தார்கள். பதினொரு வருடத்தில் அவளிடம் படித்து வரலாற்றில் ஃபெயிலானவர்கள் மூன்றே பேர். அதிலும் ஒருத்திக்குப் பரீட்சையன்று அம்மை.

அப்பேர்ப்பட்ட சாந்தாமணி, 1998 நவம்பரில் ஒரு திங்கட்கிழமை மத்தியானம், நியூ ஜெர்சியில் ஒரு ஹைஸ்கூலின் சோஷியல் ஸ்டடீஸ் அறையில், துறைத் தலைவி மிஸஸ் கோவால்ஸ்கிக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். மேஜை மேல் இருபத்தாறு விடைத்தாள்கள். எல்லாம் அவள் திருத்தி வைத்தவை.

அவள் அங்கே வந்து சேர்ந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். கணவன் சேனாபதிக்கு கம்ப்யூட்டர் வேலை. க்ரீன் கார்டு வரும்வரை நாலு வருடம் சாந்தாமணி ஐசலின் என்ற ஊரில் இரண்டு பெட்ரூம் அபார்ட்மென்டில் சும்மா இருந்தாள். சும்மா என்றால், சமைத்து, துவைத்து, மகள் யாமினியை ஸ்கூலுக்கு அனுப்பி, பின்மதியத்தில் இந்தியக் கடைகள் இருக்கும் ஓக் ட்ரீ ரோட்டில் முருங்கைக்காய் தேடி அலைந்து. கார்டு வந்ததும் முதல் வேலையாக சப்ஸ்டிட்யூட் டீச்சருக்கு அப்ளை பண்ணினாள். காலை ஐந்தே முக்காலுக்கு ஃபோன் வரும்; எந்த டீச்சருக்குக் காய்ச்சலோ அவர் வகுப்பில் போய் உட்கார வேண்டும். ஜிம் வகுப்பில்கூட விசில் ஊதியிருக்கிறாள், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அல்ல, பேன்ட் போட்டுக்கொண்டுதான்.

அக்டோபரில்தான் அடித்தது யோகம். வரலாற்று ஆசிரியை மிஸ் ப்ரென்னன் பிரசவ விடுப்பில் போனார். பத்து வாரத்துக்கு அவருடைய பத்தாம் வகுப்பு அமெரிக்க வரலாறு முழுக்க சாந்தாமணி கையில். விடுப்பு முடிந்ததும் அவர் ஒஹாயோவுக்கே குடிபோகப் போகிறார், ஜனவரியில் அந்த இடம் காலி என்று வேறு பேச்சு. வேலையில் சேர்ந்துகொண்டே ஆசிரியர் சான்றிதழ் படிக்க அந்த மாநிலத்தில் ஒரு வழி உண்டு. ஆனால் ஒரு பள்ளி முன்வந்து, இவரை எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதித் தர வேண்டும். எழுதித் தர வேண்டியவர் மிஸஸ் கோவால்ஸ்கி.

"மிஸஸ் சேனாபதி, கேள்வித்தாள் முன்கூட்டியே யார் கையிலாவது போயிருக்குமா?" என்று அவர் கேட்டார். அவர் பேசியது ஆங்கிலம்தான். நான் தமிழில் சொல்கிறேன்.

"இல்லையே. ஏன்?"

"இருபத்தைந்து பேர் ஒரே பதிலை எழுதியிருக்கிறார்கள். ஒரே வாக்கியம். ஒரே வரிசை. இதோ பாருங்கள், 'படிப்படியாக' என்ற சொல்லுக்குக் கீழே எல்லோரும் கோடுகூடப் போட்டிருக்கிறார்கள். இந்தப் பள்ளியில் இப்படி ஒரு காப்பியை நான் பார்த்ததில்லை. பெற்றோரைக் கூப்பிட வேண்டியிருக்கும்."

சாந்தாமணிக்கு அப்பாடா என்றிருந்தது. இவ்வளவுதானா விஷயம். முகமெல்லாம் மலர, "காப்பி இல்லை. நான்தான் அப்படித் தயார் பண்ணினேன்," என்றாள். "மூன்று வாரம் நோட்ஸ் கொடுத்தேன். தினமும் பத்து நிமிடம் ஒப்பிக்க வைத்தேன். கோடும் நான் போடச் சொன்னதுதான்."

மெச்சிக்கொள்வார் என்று எதிர்பார்த்தாள். மிஸஸ் கோவால்ஸ்கி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அறுபது வயது, குட்டை முடி, முப்பத்திரண்டு வருட சர்வீஸ். கோபப்பட்டிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். அவர் முகத்தில் இருந்தது கவலை.

கட்டிலிருந்து ஒரே ஒரு தாளை உருவி முன்னால் வைத்தார். டெனீஸ் என்ற பெண்ணுடையது. வகுப்பில் ஜன்னலோரம் உட்கார்கிறவள், கறுப்பினப் பெண், நோட்ஸ் சொல்லும்போது பேனாவைத் திறக்காமல் சாந்தாமணியையே பார்த்துக்கொண்டிருப்பவள். கேள்வி: நியூ ஜெர்சியில் அடிமை முறை எவ்வாறு முடிவுக்கு வந்தது? மற்ற இருபத்தைந்து பேரும் ஐந்து காரணங்களை வரிசையாக எழுதி இருபதுக்கு இருபது வாங்கியிருந்தார்கள். டெனீஸ் எழுதியதைத் தமிழில் சொன்னால் காரம் பாதி போய்விடும். இருந்தாலும் இதுதான்: 'முடிவுக்கு வந்தது என்று நோட்ஸ் சொல்கிறது. யாருக்கு முடிவுக்கு வந்தது? சட்டம் வந்த அன்று அடிமையாக இருந்த ஒருத்திக்கு மறுநாள் காலையில் என்ன மாறியது? அது தெரியாமல் என்னால் ஐந்து காரணம் எழுத முடியாது.'

அதன் மேல் சிவப்பு மையில் சாந்தாமணியின் முத்து முத்தான கையெழுத்து. இருபதுக்கு நாலு. நோட்ஸில் இல்லை.

"ஏன் நாலு?" என்றார் மிஸஸ் கோவால்ஸ்கி.

"நோட்ஸில் இல்லாததை எழுதியிருக்கிறாள்."

"நோட்ஸ் எங்கிருந்து வந்தது?"

"பாடப் புத்தகத்திலிருந்து."

"பாடப் புத்தகம் எங்கிருந்து வந்தது?"

எம்.ஏ. வரலாறு, பி.எட்., பதினொரு வருட அனுபவம். இப்படி ஒரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. புத்தகம் எங்கிருந்து வரும், அரசாங்கத்திடமிருந்து வரும் என்று வாய்வரை வந்ததை நல்லவேளையாக விழுங்கிவிட்டாள்.

"புதன்கிழமை நாலாவது பீரியட் நான் வந்து உட்காருகிறேன்," என்றார் அவர். "அதைப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுகிறேன். ப்ரென்னன் அறையில், அலமாரியின் அடித்தட்டைத் திறந்து பாருங்கள்."

அன்று ஐந்து மணிக்கு வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சாந்தாமணி அந்த அலமாரியிலிருந்து எடுத்துவந்த ஒரு பழுப்பு ஃபோல்டரை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திறக்கவில்லை. சேனாபதி அன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டான்.

"ஏனம்மிணி, மூஞ்சி ஏன் இப்படி இருக்குது? ஸ்கூல்ல எதாச்சும் ப்ராப்ளமா?"

சொன்னாள். பாதிவரை சிரித்துக்கொண்டே கேட்டவன், நாலு மார்க் இடம் வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

"சரி விடு. ஜனவரி பேட்ச்ல கம்ப்யூட்டர் டெஸ்டிங் கோர்ஸ் சேந்துரு. அதென்ன கம்பசூத்திரமா? நம்ம வேலுமணி சம்சாரம் ஹோம் சயின்ஸ் படிச்சது. இன்னைக்கு பேங்க்ல உக்காந்து ப்ரோக்ராம்ல தப்புக் கண்டு புடிக்குது. ரெண்டாயிரம் வருசம் பொறந்தா கம்ப்யூட்டரெல்லாம் தேதி கொழம்பிருமாம், அதுக்குள்ள சரி பண்ண ஆள் வேணும் ஆள் வேணும்னு பறக்கறாங்க."

"எனக்கு அது வேண்டாமுங்க."

"அப்பறம் என்னதான் பண்றதா ஐடியா?"

"எனக்கு டீச்சராத்தான் இருக்கோணுமுங்க." ஃபோல்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "வேற எதுலயும் நான் ஆளே இல்லீங்க."

சேனாபதி எழுந்து போனான். காபி போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, டிவி சத்தத்தைக் குறைத்துக்கொண்டான். ஏழாம் வகுப்பு யாமினி அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அம்மா, ஆர் யூ ஓகே?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஃபோல்டரில் இருந்தவை வெறும் ஜெராக்ஸ் தாள்கள். 1804-ஆம் வருடச் சட்டத்தின் நகல் ஒன்று. மற்றவை கவுண்டி, அதாவது மாவட்ட, ஆபீஸின் பழைய பதிவேட்டுப் பக்கங்கள். சட்டம் அவளுக்குத் தெரிந்ததுதான். மூன்றாவது காரணமாக அவளே டிக்டேட் பண்ணியது. அந்த ஜூலை நாலாம் தேதிக்குப் பிறகு அடிமைத் தாய்க்குப் பிறக்கும் குழந்தை சுதந்திரமாகப் பிறக்கிறது. ஆனால் ஆண் என்றால் இருபத்தைந்து வயதுவரை, பெண் என்றால் இருபத்தொரு வயதுவரை தாயின் எஜமானனுக்கு உழைத்தாக வேண்டும். குழந்தை பிறந்ததை எஜமானன் கவுண்டி ஆபீஸில் எழுதிக்கொடுக்க வேண்டும். தாய்க்கு எதுவும் மாறவில்லை. அவள் ஆயுளுக்கும் அடிமை. நோட்ஸில் இதற்கு ஒரே வரி: 'அடிமை முறை படிப்படியாக ஒழிக்கப்பட்டது.'

ஒரு பக்கத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். சாய்ந்த, கோணல்மாணலான பேனா எழுத்து. எழுத்தைக் கூட்டிப் படிக்கவே இருபது நிமிடம் ஆயிற்று. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி விரல் வைத்துப் படித்தாள்.

'ஆபிரகாம் வான் லூவன் ஆகிய நான், என் அடிமையான சூக்கி என்பவளுக்கு 1806 பிப்ரவரி பதினொன்றாம் தேதி பீபி என்று பெயருள்ள ஒரு பெண் குழந்தை பிறந்தது என்று இதனால் சான்றளிக்கிறேன்.'

அவ்வளவுதான். அதற்கு மேலும் ஒன்றுமில்லை, கீழும் ஒன்றுமில்லை. சாந்தாமணி தாளை இன்னும் கிட்டே கொண்டுவந்தாள். பதினொரு வருடம் வரலாறு எடுத்தவள். ஆனால் வரலாறு அவளுக்கு எப்போதும் அச்சில்தான் இருந்தது. யாரோ ஒருவன் உட்கார்ந்து, மையில் தொட்டு எழுதி, 'பெண்' என்ற இடத்தில் மை வழிந்து, அதை ஒற்றி எடுத்த தடம்கூடத் தெரிகிற ஒரு தாளை அவள் பார்த்ததே இல்லை. ஒரு குழந்தை பிறந்திருக்கிறது. ஒரு மாசி மாதத்தில், இந்தக் குளிரில், இதே ஊர்ப்பக்கம் எங்கேயோ. அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரை அவள் இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள்.

ஆனாலும் பழக்கம் விடுமா. செவ்வாய்க்கிழமை முழுக்க உட்கார்ந்து அந்த ஒரு பக்கத்துக்கு ஏழு கேள்விகளும் ஏழு பதில்களும் எழுதித் தயார் பண்ணினாள். கார்டில் எழுதி, கண்ணாடி முன்னால் நின்று ஒப்பித்தும் பார்த்துக்கொண்டாள்.

புதன்கிழமை நாலாவது பீரியட். மிஸஸ் கோவால்ஸ்கி கடைசி வரிசையில், படிவம் செருகிய அட்டையோடு உட்கார்ந்திருந்தார். சாந்தாமணி தாள்களை விநியோகித்தாள். வகுப்பே நோட்டைத் திறந்து பேனாவோடு தயாராக இருந்தது. மூன்று வாரத்தில் எவ்வளவு நன்றாகப் பழக்கிவிட்டோம் என்று அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

"இது என்ன?" என்றாள்.

ஆர்யன் கை தூக்கினான். தமிழ்க் குடும்பத்துப் பையன், கடையில் பார்த்தால் ஆன்ட்டி என்பான், வகுப்பில் மிஸஸ் சேனாபதி. நோட்ஸை ஒரு கமா பிசகாமல் ஒப்பிப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. "மிஸஸ் சேனாபதி, இதற்கு எத்தனை பாயிண்ட்?"

கடைசி வரிசையில் மிஸஸ் கோவால்ஸ்கியின் பேனா எழுதும் சத்தம் கேட்டது.

"பாயிண்ட் இல்லை. முதலில் படியுங்கள்."

யாராலும் படிக்க முடியவில்லை. பத்து நிமிடம் வகுப்பு முனகிக்கொண்டே இருந்தது. ஒருவன் இது ஆங்கிலமே இல்லை என்றான். அப்போதுதான் ஜன்னலோரத்திலிருந்து, கேட்காமலே, டெனீஸ் படிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு சொல்லாகத் தடவித் தடவிப் படித்தாள். 'என் அடிமையான சூக்கி' வந்ததும் நின்றாள். பிறகு கடைசிவரை படித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து படித்தாள். இரண்டாம் தடவை வகுப்பில் ஒரு நாற்காலிகூட அசையவில்லை.

"இதை எழுதியது யார்?" சாந்தாமணியின் இரண்டாம் கேள்வி.

"எஜமானன்," என்றாள் டெனீஸ். "குழந்தை சுதந்திரமாகப் பிறந்திருக்கிறது. ஆனால் அவளைப் பற்றி உலகத்தில் எழுதப்பட்ட முதல் தாளை எழுதியது, அவளை வைத்துக்கொள்ளப் போகிறவன். எப்போதுவரை வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குத் தெரிவதற்காக எழுதியிருக்கிறான்."

"1827 பிப்ரவரி பதினொன்றுவரை," என்றான் ஆர்யன். கணக்கு என்ற சொல் காதில் விழுந்ததும் போட்டுவிட்டான். போட்டுவிட்டு, தான் சொன்னது என்ன என்று புரிந்ததும் பேனாவைக் கீழே வைத்தான்.

டெனீஸ் சாந்தாமணியை நேராகப் பார்த்தாள். "வெளியே வந்தாளா?"

கையிலிருந்த ஏழு கார்டுகளிலும் இதற்குப் பதில் இல்லை. இதுவே கோபிசெட்டிபாளையமாக இருந்தால், அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்கார் என்று ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும். அந்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தும்விட்டது. பதினொரு வருடத்தில் ஒருநாள்கூட அவள் வகுப்பில் தெரியாது என்று சொன்னதில்லை. தெரியாது என்று சொன்ன டீச்சரைப் பிள்ளைகள் மதிக்க மாட்டார்கள் என்று அவளுக்கு பி.எட்.டிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதிலும் இன்றைக்கு, வேலையைக் கொடுக்கவும் கெடுக்கவும் வல்லவர் கடைசி வரிசையில் பேனாவோடு உட்கார்ந்திருக்கையில் சொல்வதாவது. டெனீஸின் பார்வை விலகவில்லை. அந்தப் பெண் மார்க்குக்காகக் கேட்கவில்லை, தன்னை மடக்குவதற்காகவும் கேட்கவில்லை, பீபிக்காகக் கேட்கிறாள் என்பது சாந்தாமணிக்கு அப்போதுதான் உறைத்தது. தானும் திங்கட்கிழமையிலிருந்து அதைத்தான் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதும்.

"எனக்குத் தெரியாது," என்றாள்.

வகுப்பு நிமிர்ந்து பார்த்தது.

"உண்மையிலேயே தெரியாது. மிஸ் ப்ரென்னனுக்கும் தெரியுமா என்று தெரியவில்லை. இந்தப் புத்தகத்தில் இல்லை." பாடப் புத்தகத்தை மூடி ஓரமாக வைத்தாள். "எங்கே தேடினால் தெரியும்?"

பிறகு நடந்ததை அவள் நடத்தினாள் என்று சொல்ல முடியாது. ஒருவன் சர்ச் என்றான், ஒருத்தி கல்லறை என்றாள். அடிமைக்குக் கல்லறைக் கல் வைப்பார்களா என்று ஒரு சண்டை. மக்கள்தொகைக் கணக்கில் வீட்டுத் தலைவர் பெயர்தான் இருக்கும் என்று ஒருவன் எங்கோ படித்ததைச் சொன்னான். கல்யாணம் ஆகியிருந்தால் பதிந்திருப்பார்களே என்று இன்னொருத்தி. அவர்கள் சொல்வதையெல்லாம் சாந்தாமணி போர்டில் எழுதிக்கொண்டே போனாள். சாக்பீஸ் இரண்டு தடவை ஒடிந்தது. மணி அடித்தபோது கார்டில் ஐந்து கேள்விகள் மிச்சம். மிஸஸ் கோவால்ஸ்கி எழுதுவதை எப்போதோ நிறுத்தியிருந்தார். சாந்தாமணி அதைக் கவனிக்கவும் மறந்திருந்தாள்.

பிள்ளைகள் போனதும் அவர் எழுந்து வந்தார். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை.

"நாளைக்கு ஆசிரியர் மாநாட்டு லீவு," என்றார். "கவுண்டி ஆபீஸுக்கு லீவு கிடையாது. ஏதாவது தெரிந்தால் வீட்டுக்கு ஃபோன் பண்ணுங்கள்." ஒரு சீட்டில் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு, அட்டையை மார்போடு அணைத்தபடி போய்விட்டார். பாடத்தையும் முடிக்கவில்லை, தெரியாது என்று வேறு சொல்லியாயிற்று. ஜனவரி பேட்சில் டெஸ்டிங் கற்றுக்கொள்வதுதான் தலையில் எழுதியிருக்கிறது என்று சாந்தாமணி முடிவு கட்டிவிட்டாள்.

இருந்தாலும் வியாழக்கிழமை காலை கவுண்டி ஆபீஸுக்குப் போனாள். வேலைக்காக அல்ல, அது கைவிட்டுப் போனது போனதுதான். பீபி என்ன ஆனாள் என்று தெரிந்தாக வேண்டும். விருப்பமிருந்தால் வரலாம் என்று முந்தின நாள் சாயங்காலமே பிள்ளைகளுக்கு ஃபோனில் சொல்லிவைத்திருந்தாள். ஆர்யன் அவள் காரிலேயே வந்தான். வாசலில் டெனீஸ் தன் அம்மாவோடும் வகுப்பிலிருந்து இன்னும் இரண்டு பேரோடும் நின்றுகொண்டிருந்தாள். லீவு நாளில் பதினைந்து வயதுப் பிள்ளைகள் தூக்கத்தை விட்டுவிட்டு வருவார்கள் என்று சாந்தாமணி கனவிலும் நினைத்திருக்கவில்லை.

ஆவண அறை கீழ்த்தளத்தில். பேனாவை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பென்சில் கொடுத்தார்கள். கை கழுவிவிட்டு வரச் சொன்னார்கள். கோயிலுக்குள் போவது மாதிரி இருக்கிறதே என்று சாந்தாமணி நினைத்துக்கொண்டாள். அங்கிருந்த ஊழியர், கனத்த மனிதர், தோல் அட்டை போட்ட நாலு பெரிய புத்தகங்களைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து வைத்தார். இந்த முறை ஜெராக்ஸ் இல்லை. அசல். தாளைத் தொட்டால் துணி மாதிரி இருந்தது. சாந்தாமணி தொட்ட விரலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணப் பதிவுகளை அவள் எடுத்துக்கொண்டாள். 1827, 1828, 1829, 1830. மணமகள்கள், மணமகள்கள். பீபி என்று மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் வெள்ளைக்காரக் குடும்பம். ஒவ்வொரு தடவையும் பென்சிலை எடுத்து, பிறகு கீழே வைத்தாள். ஆர்யன் பிறப்புகளைப் பார்த்தான். இரண்டு மணி நேரம் ஓடிப்போயிற்று. குழந்தையிலேயே செத்துப்போயிருக்கலாம். தெற்கே எங்காவது விற்றுத் தள்ளியிருக்கலாம், சட்டம் என்ன சொன்னால் என்ன, யார் கேட்டது. பிள்ளைகளிடம் இதை எப்படிச் சொல்வது என்று சாந்தாமணி யோசிக்க ஆரம்பித்திருந்தாள்.

"மிஸஸ் சேனாபதி," என்றாள் டெனீஸ். மெதுவாகத்தான் கூப்பிட்டாள். அவள் முன்னால் இருந்தது விடுதலைப் பத்திரங்களின் புத்தகம். எஜமானன் ஒரு அடிமையை விடுவித்தால், அந்த அடிமையின் வயது இருபத்தொன்றுக்கு மேல், நாற்பதுக்குள், உடம்பும் புத்தியும் திடம் என்று நாலு அதிகாரிகள் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அது பதிவாகிற புத்தகம்.

"பீபியா?"

"பீபி இதில் வர மாட்டாள். அவள் சுதந்திரமாகப் பிறந்தவள். நான் சூக்கியைத் தேடினேன்."

சாந்தாமணி அவளருகே குனிந்தாள். ஆர்யனும் மற்றவர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். டெனீஸ் விரலைத் தாளில் படாமல் ஓர் அங்குலம் மேலே நகர்த்திக்கொண்டே படித்தாள்.

'1828 ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி. ஆபிரகாம் வான் லூவன், முப்பத்தொன்பது வயதும் பத்து மாதமும் ஆன தன் அடிமை சூக்கியை, மேற்படி சூக்கியின் மகளும் சுதந்திரமான கறுப்பினப் பெண்ணுமாகிய பீபி தன் கையால் செலுத்திய தொகையைப் பெற்றுக்கொண்டு, இன்றுமுதல் விடுதலை செய்கிறான்.'

தலைக்கு மேலே ட்யூப்லைட் இரையும் சத்தம் கேட்டது. ஆர்யன் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

"பதினெட்டு மாசம்," என்றான் கடைசியில். அமெரிக்காவில் பிறந்து ஆங்கிலத்தில் வளர்ந்தவன், என்ன தோன்றியதோ, சாந்தாமணியைப் பார்த்துத் தமிழில் சொன்னான். "ஆன்ட்டி, அவ வெளிய வந்து பதினெட்டு மாசம்தான். இன்னும் ரெண்டு மாசம் போயிருந்தா அவங்க அம்மாக்கு ஃபார்ட்டி ஆயிருக்கும். அப்பறம் விட்டிருக்க மாட்டாங்க இல்ல?"

"ஆமாப்பா," என்றாள் சாந்தாமணி. "அத்தனை லேசா விட்டிருக்க மாட்டாங்க."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டாள். இருபத்தொரு வயதில், கையில் ஒன்றுமில்லாமல், ஒரு பிப்ரவரிக் குளிரில் அந்த வீட்டை விட்டு வெளியே வந்த பெண். அவளுக்கு நாள் தெரிந்திருக்கிறது. அம்மாவின் வயது தெரிந்திருக்கிறது. எத்தனை மாதம் மிச்சமிருக்கிறது என்று தெரிந்திருக்கிறது. எங்கே துவைத்தாளோ, எங்கே பெருக்கினாளோ, எத்தனை பேர் வாசலில் போய் நின்றாளோ. எந்த மன்னனுக்கும் சாந்தாமணி இப்படி மலைத்ததில்லை. ஐந்து சொல்லிக்கொடுத்து நாலு எழுதினால் மார்க் குறைத்தவள், இந்த ஒருத்தியின் முன்னால் எண்ணிக்கை மறந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் தாளில் விழுந்துவிடப் போகிறதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டெனீஸின் அம்மா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நமக்கு முன்னால் இதை யாராவது பார்த்திருப்பார்களா?" என்று டெனீஸ் அந்த ஊழியரைக் கேட்டாள். அவர் தன் பேரேட்டைப் புரட்டினார். இந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கியவர்கள் உண்டு, ஆனால் சூக்கி என்று கேட்டு வந்தவர்கள் அவருக்குத் தெரிந்து யாருமில்லை என்றார். அவருடைய குரலும் தணிந்திருந்தது.

நடைபாதையில் ஒரு பே ஃபோன் இருந்தது. சாந்தாமணி காசைப் போட்டு, சீட்டிலிருந்த நம்பரை அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"வெளியே வந்துவிட்டாள்," என்றாள் சாந்தாமணி. யார் பேசுவது என்றுகூடச் சொல்லவில்லை. "அம்மாவையும் வெளியே கொண்டுவந்துவிட்டாள். நாற்பதாவது வயதுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"யார் கண்டுபிடித்தது?"

"டெனீஸ். நான் மகளைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் அம்மாவைத் தேடினாள். எனக்கு அது தோன்றவே இல்லை." சற்று நிறுத்தி, "அந்த நாலு மார்க்கை நான் மாற்ற வேண்டும்," என்றாள். "எனக்கு வேலை இல்லாவிட்டாலும் அதை மட்டும் மாற்ற அனுமதி கொடுங்கள்."

"வேலை இல்லை என்று உங்களிடம் யார் சொன்னது?" என்றார் மிஸஸ் கோவால்ஸ்கி. "நீங்கள் தெரியாது என்று சொன்னீர்களே, அது போதும் என்று நேற்று மூன்று மணிக்கே உங்கள் வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். இன்றைக்கு நீங்கள் தேடிப் போவீர்களா என்று பார்க்கத்தான் காலையிலிருந்து இந்த ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்."

சாந்தாமணி நன்றி சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் உள்ளேயிருந்து ஆர்யன் ஓடிவந்து, "ஆன்ட்டி, சீக்கிரம் வாங்க, அடுத்த பேஜ்லயும் பீபி பேரு இருக்கு, வேற யாருக்கோ பணம் கட்டியிருக்கா," என்றான். ரிசீவரை மாட்டவும் மறந்து அவள் உள்ளே ஓடினாள்.